தொண்டையில் வைத்த கை

“மனசுக்குள்ள சொல்லுங்கக்கா, வாய்விட்டு வேண்டாம்” என்று ஜெசிந்தாவிடம் முதன்முதலில் சொன்னவள் அபிநயா. மாதா பிறந்த திருநாள் கழிந்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு. தூத்துக்குடியில், சிறப்புப் பிள்ளைகளுக்கான பயிற்சி நிலையத்தின் மாடி அறையில் நாற்காலி கிடந்தது, பெஞ்சு கிடந்தது, அங்கே பயிற்சி கொடுக்கிற அவளோ பிள்ளைகள் விளையாடுகிற பெரிய மஞ்சள் பந்தின்மேல் உட்கார்ந்து மேலும் கீழும் அசைந்துகொண்டே அதைச் சொன்னாள். பந்தில் உட்கார்ந்து குதிக்கிறவளுக்குச் செபமாலையைப் பற்றி என்ன தெரியும்? இருபத்தாறு வயசு இருந்தால் அதிகம். ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்ததில்லை, ஒரு பிள்ளையின் காய்ச்சலுக்குக் கண்விழித்ததில்லை, கையில் ஒரு நோட்டு, அதில் சூரியனும் சந்திரனும் படமாக ஒட்டி, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வைத்துக்கொண்டு, எட்டு வருஷமாக ஜெசிந்தாவின் மகள் அமலி தூங்காததற்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாளாம். காரணம் ஜெசிந்தாவின் வாயாம். அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இருபதாம் நாளான இன்று, இரண்டு நாற்பது திருச்செந்தூர் பஸ்ஸில், மூன்று பேர் சீட்டின் நடைவழி ஓரத்தில் உட்கார்ந்து, நடுவில் இருக்கிற மகளின் காதுமடலை விரலால் தேய்த்துக்கொண்டே அவள் அதைத்தான் மென்றுகொண்டிருந்தாள். தேய்ப்பது கொஞ்சுவதற்கு அல்ல. அமலி தூங்கிவிடக் கூடாது. மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் ஒரு கண்ணயர்வுகூடக் கூடாது என்பது பந்துக்காரியின் கட்டளை. பஸ் முத்தையாபுரம் தாண்டவில்லை, அதற்குள் பிள்ளையின் இமை கனத்துக் கனத்து விழுகிறது. எட்டு வருஷம் இந்தக் கண் மூடாதா என்று முழங்கால் தேய மன்றாடியவள், இப்போது மூடப்போகிற கண்ணைத் திறந்து வைக்கப் போராடுகிறாள். நல்ல கூத்து. மோட்சத்தில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

“சிஸ்டர், பாப்பாக்கு சுகமில்லையா?” என்று ஜன்னலோரத்துக்காரி கேட்டாள். வெள்ளைச் சேலை, காதில் கழுத்தில் ஒரு பொட்டுப் பொன் கிடையாது, மடியில் ஜிப் வைத்த பைபிள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மாதாவை ஒத்துக்கொள்ளாத கூட்டம். சுகமில்லாமல் இல்லை என்று ஜெசிந்தா சொன்னாள். “பெறகு எதுக்கு அந்தப் பிள்ளைய அப்படிப் போட்டு வாதிக்கிய? தூங்கட்டுமே, பாவம்.” பாவம். இந்த ஒரு வார்த்தைக்கு இந்த ஊரில் பஞ்சமே கிடையாது. டாக்டர் ஆட்டிசம் என்று சொன்ன நாளிலிருந்து பஸ்ஸில் பாவம், கடையில் பாவம், கோவில் வாசலில் பாவம். பாவம் என்று சொல்கிற ஒருத்தியாவது ஒரு ராத்திரி வந்து, நீ படு ஜெசிந்தா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதுண்டா? அமலிக்கு ஜன்னலோரம் ஆகாது, ஓடுகிற மரங்களைக் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள், அதனால்தான் இந்த வெள்ளைச் சேலைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிள்ளையின் புறங்கையில் இரண்டு சொட்டு விட்டாள். அமலி விழித்து, தண்ணீர்ச் சொட்டைப் பார்த்து, அதை அம்மாவின் சேலையிலேயே துடைத்துவிட்டு, மறுபடி சொக்கினாள். “அக்கிரமம்” என்று முணுமுணுத்துவிட்டு வெள்ளைச் சேலைக்காரி ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள். அக்கிரமம்தான். கேட்டால் சொல்லலாம், ஆனால் யாருக்கு இதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

அது அமலிக்கு இரண்டு வயசாக இருக்கும்போது தொடங்கியது. எதற்கும் அடங்காத அழுகை, தூளி ஆட்டி, தோளில் போட்டு, ஸ்கூட்டரில் தெருத்தெருவாகச் சுற்றி, எதுவும் ஆகாமல், ஒருநாள் ஜெசிந்தா பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திவிட்டுச் செபமாலையை எடுத்தாள். முதல் பத்து மணி முடிவதற்குள் அழுகை நின்றது. அந்தக் குட்டிக் கை தடவித் தடவி வந்து அவள் தொண்டைக்குழியில் உட்கார்ந்தது. உள்ளே சத்தம் அதிர்வதை உள்ளங்கையால் கேட்டபடியே அமலி தூங்கிப்போனாள். தாயை ஒருமுறைகூட முகம் பார்த்துச் சிரித்திராத பிள்ளை, தானாக நீட்டிய முதல் கை அது. மாதாவின் அற்புதம், புதுமை இல்லாமல் வேறென்ன? தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். மாதாவே என் பிள்ளையைத் தூங்க வைத்தாள் என்று சொன்னதும் நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அவர்கள் தூங்கினார்கள். இங்கே ஒரு செபமாலை இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. ஐம்பத்து மூன்று மணி முடிந்து எச்சில் விழுங்க ஒரு நொடி நிறுத்தினால் போதும், கை தொண்டையை அமுக்கும், கண் திறக்கும். பத்து மணிக்குத் தொடங்கினால் இரண்டு ஆகும். நாலு மணிக்கு மறுபடி விழிப்பு, மறுபடி தொண்டையில் கை. ஆறு வருஷம். தொண்டை மணல் போட்டுத் தேய்த்தது போலாகி, பாடற்குழுவிலிருந்து அவளாகவே விலகிவிட்டாள். புதுமைக்கு ஒரு முடிவு உண்டு, வேதாகமத்திலேயே பார்க்கலாம். கலியாண வீட்டில் தண்ணீர் ஒருமுறைதான் திராட்சை ரசமாயிற்று, தினம் தினம் ஆகவில்லை. தினம் தினம் நடந்தால் அது புதுமை அல்ல, பழக்கம். இதுவும் பந்துக்காரி சொன்னதுதான், வேறு சொற்களில். அதை நினைத்ததும் வாய் கசந்தது.

பந்துக்காரி சொன்னது இது. “அக்கா, நீங்க தலையணை வெச்சுத்தானே தூங்குறீங்க? நடு ராத்திரி யாராவது தலையணைய உருவிட்டா முழிப்பீங்களா மாட்டீங்களா? அமலிக்கு உங்க குரல்தான் தலையணை. நீங்க நிறுத்தினா உருவின மாதிரி. எல்லாரும் ராத்திரி நாலஞ்சு தடவை லேசா முழிப்போம், தலையணை இருந்தா திரும்பிப் படுத்துக்குவோம். அவளுக்கு இல்லை, அதனால எழுந்து உங்களைத் தேடுறா.” மேலும் கீழும், மேலும் கீழும். செபத்தைத் தலையணை என்கிறாள். புருஷன் வில்பிரட் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்: “அப்ப மாதாவ பஞ்சு வச்சி அடைச்சிருக்காவளோ?” வில்பிரட்டுக்கு எல்லாம் சிரிப்புதான், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி ராத்திரி வேலை, மிச்சப் பாதி ராத்திரி குறட்டை. வீட்டில் ஒருத்தி தூங்காத பிள்ளையோடு கிடக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும், கடல் இருக்கிறது என்று தெரிவதுபோலத் தெரியும். அவன் அக்கா மெட்டில்டா மதினி சிரிக்கவில்லை, காறித் துப்பாத குறை. “செபத்த நிப்பாட்டச் சொன்னாளா? எந்தச் சாதிக்காரி அவ, எந்த மதத்துக்காரி? நீயும் சரின்னுட்டு வந்துட்ட! அக்டோபர் மாசம், ஊரே செபமாலை சொல்லுது, இவ மட்டும் வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கப் போறாளாம்.” மதினிக்குச் செபமாலை என்பது கையில் சுற்றிக்கொள்கிற ஒரு நகை, பூசைக்கு வருகிறவர்களின் சேலையை எண்ணுவதற்கு நடுவில் மணியையும் எண்ணுவாள். அவளுக்குப் பதில் சொல்வது வாயை வீணாக்குவது.

ஆனால் ஏன் சரியென்றுவிட்டு வந்தாள் என்பது மதினிக்குத் தெரியும், தெரிந்தேதான் கேட்கிறாள். அந்த ராத்திரி. அதை நினைக்கவே கூடாது என்று ஜெசிந்தா வைத்திருக்கிறாள், முள்ளக்காடு உப்பளம் கண்ணில் பட்டால் நினைக்காமல் இருக்க முடியாது. இதோ வந்துவிட்டது. இரண்டு பக்கமும் வெள்ளை, ஓலை போட்டு மூடின உப்புக் குவியல்கள், பாத்தியில் தேங்கின தண்ணீரில் வெயில் குத்துகிறது. பழையகாயலில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலும் இதே தண்ணீர், இதே வெள்ளை. ஆகஸ்டு மாதம் ஒரு வியாழக்கிழமை, மூன்றாவது செபமாலையின் நாலாம் பத்தில் ஜெசிந்தா தூங்கிவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம், தூங்கினது. குரல் நின்றது, அமலி விழித்தாள், ஸ்டூலை இழுத்துப்போட்டு மேல் தாழ்ப்பாளைத் திறந்தாள், போனாள். உப்பு லாரி ஓட்டி வந்த ஒரு பெரியவர் வெளிச்சத்தில் நடுரோட்டில் ஒரு பெண்பிள்ளை ஜட்டியோடு நிற்பதைப் பார்த்து பிரேக்கைப் போட்டாராம். ஓடிப்போகவில்லை, அழவில்லை, லாரி இன்ஜின் உறுமுகிற முகப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாளாம். இன்ஜின் அதிர்கிற இடத்தில். ஜெசிந்தா இல்லாவிட்டால் லாரி. லாரிக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டு வந்து கதவைத் தட்டினபோது உள்ளே தாய் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், மார்மேல் செபமாலை. மதினி விடிந்ததும் ஓடிவந்து சொன்னாள், மாதாதான் காப்பாத்தினா. காப்பாற்றுகிறவள் தாழ்ப்பாளைத் திறக்கும்போதே ஒரு சத்தம் கொடுத்திருக்கலாமே? லாரி வருகிற வரைக்கும் எதற்குக் காத்திருந்தாள்? இப்படியெல்லாம் நினைப்பது பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் சாமியார் மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்வார், வாய்விட்டுச் சொல்ல முடியாது சாமி, பந்துக்காரி கோபிப்பாள்.

“முள்ளக்காடு! முள்ளக்காடு எறங்கு!” என்று கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் தட்டினார். தட்டின சத்தத்துக்கு அமலி நிமிர்ந்தாள், நன்றாய்ப் போச்சு, இன்னும் ரெண்டு தட்டு தட்டட்டும். முதல் ஏழு நாள் வெறுமே எழுதச் சொன்னாள் அந்தப் பெண், எப்போது படுத்தாள், எப்போது தூங்கினாள், எத்தனை தரம் எழுந்தாள். எட்டாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவளுக்குக் கட்டத்துக்குள் எழுத வரவில்லை, கோடு தாண்டிப் போயிற்று. எட்டாம் நாளிலிருந்து ராத்திரிக்கு ஒரே செபமாலை, அதிலும் ஒரு பத்து குறைத்து நாற்பது மணிதான். மூன்று நாள் கழித்து முப்பது. பிறகு இருபது, பிறகு பத்து. படுக்கையில் கூடவே கிடக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும்; பிறகு நாற்காலியை வாசலுக்கு நகர்த்த வேண்டும். தொண்டையில் கை வந்தால் அதைப் பதமாக எடுத்து, ஒரு சின்னத் துணிப் பையில் கடுகு நிரப்பித் தைத்தது இருக்கிறது, அதன்மேல் வைக்க வேண்டும். காலை ஆறுக்கு, விடிய விடிய விழித்திருந்தாலும், எழுப்பிவிட வேண்டும். முதல் இரண்டு ராத்திரி அமலி சுவரில் தலையை மோதினாள், பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டிக் கேட்டாள், ஜெசிந்தா தலையணையைச் சுவருக்கும் தலைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அந்த அபிநயாவை நினைத்துத் தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் மனசுக்குள் சொன்னாள். மனசுக்குள் சொல்லுங்கக்கா என்றாளே, சொன்னாள். அப்புறம் பன்னிரண்டாம் நாள் பன்னிரண்டரைக்குத் தூங்கினாள் பிள்ளை. பதினாறாம் நாள் பதினொன்றுக்கு. நேற்று ஒன்பதே முக்கால். ஒன்பதே முக்காலுக்குத் தூங்கி நாலு மணிக்குத் திரும்பிப் படுத்தாள், எழுந்திருக்கவில்லை, கடுகுப் பையைக் கன்னத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். நோட்டில் அதை எழுதும்போது ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். ஆறு வருஷம் தாயும் மாதாவும் சேர்ந்து செய்யாததை ஒரு பிடி கடுகு செய்துவிட்டது. இன்று காலை நோட்டைப் பார்த்து அபிநயா பந்திலிருந்து எழுந்து நின்று கை தட்டினாள், சின்னப்பிள்ளைபோல. “இன்னைக்கு ராத்திரி சத்தமே வேண்டாம்கா. ஆனா பஸ்ல மட்டும் தூங்க விட்றாதீங்க, ப்ளீஸ். பத்து நிமிஷம் தூங்கினாலும் இன்னைக்கு ரெண்டு மணியாயிரும், அவ பழசத் தேடுவா, நாம பழைய இடத்துக்கே போயிருவோம்.” பழைய இடம் என்றால் எது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பழைய இடம் என்றால் லாரி வெளிச்சம்.

இன்னொன்றும் கேட்டாள், முதல் நாளே, குரலைத் தாழ்த்தி. “தப்பா நினைக்காதீங்கக்கா, நீங்க அதை யாருக்குச் சொல்றீங்க, மாதாவுக்கா, அமலிக்கா?” என்ன திமிர். பிள்ளையை இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி மீன்முள் மாதிரி, சோற்று உருண்டை விழுங்கினாலும் இறங்காது. நாற்பதாம் மணிக்கு மேல் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியாதா? வாய் மாதாவை வாழ்த்தும், மனசு காஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று கணக்குப் போடும், மதினி சொன்ன குத்தலுக்கு அப்போது சொல்லாமல் விட்ட பதிலை இப்போது தீட்டும், வில்பிரட்டின் குறட்டைமேல் தலையணையை வைத்து அமுக்கினால் என்ன என்று பார்க்கும். மாவரைக்கிற கிரைண்டருக்கும் அவளுக்கும் ஒரே வித்தியாசம், கிரைண்டருக்கு மதினி இல்லை. இதைத்தான் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். மதினியைச் சொல்லப்போனாள், சேலையை எண்ணுகிறாளாம். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வாயை மூடினபிறகு, நேற்று வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, மனசுக்குள் சொல்லிப் பார்த்தாளே, வரவில்லை. ஒரு வரி வரும், அடுத்த வரி வராது. சத்தத்தை எடுத்துவிட்டால் உள்ளே ஒன்றுமே இல்லையா? முப்பது வருஷம் செபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெறும் தொண்டைதானா? பிள்ளைக்காவது கடுகுப் பை உண்டு. தாய்க்கு? அந்த இருட்டில் பயம் வந்தது, லாரியைவிடப் பெரிய பயம்.

தொண்டையில் ஏதோ ஊர்ந்தது. அமலியின் கை. பஸ் உப்பளம் முடிகிற வளைவில் திரும்புகிறது, சாலையோரம் மாதா கெபி, கல்லடுக்கிக் கட்டின சின்னக் குகைக்குள் மாதா சிலை, எப்போது தாண்டினாலும் ஜெசிந்தா வாய்விட்டு ஒரு மந்திரம் சொல்கிற இடம், பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. உள்ளங்கை தொண்டைக்குழியில் உட்கார்ந்து காத்திருக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. ஒரு மந்திரம் போதும், பத்து நொடி, உள்ளே கிடக்கிற பயமும் அடங்கும். உதடு திறந்தேவிட்டது. பல்லைக் கடித்தாள். கெபி வந்தது, போனது, மாதாவின் நீலச் சேலை ஜன்னலில் ஒரு வீச்சு. அமலி தொண்டையை அமுக்கினாள். இல்லை. மறுபடி அமுக்கினாள், சாவி போட்டும் திறக்காத பூட்டை அமுக்குவதுபோல, பிறகு தொண்டையைத் தட்டினாள், பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டு ஒரு கத்து கத்தினாள், பஸ் முழுக்கத் திரும்பிற்று. “ஆண்டவரே” என்றாள் வெள்ளைச் சேலைக்காரி. அவள் கோபப்படவில்லை. கண் கலங்கியிருந்தது. “நான் ஒரு செபம் பண்ணட்டுமா சிஸ்டர், பிள்ளைக்கு?” கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை, அந்தக் கூட்டம் என்றைக்கு நின்றிருக்கிறது, அமலியின் உச்சியில் கையை வைத்துக் கண்ணை மூடி, தாழ்ந்த தடித்த குரலில் தொடங்கிவிட்டாள், கர்த்தாவே, இந்தச் சின்ன மகளை, கர்த்தாவே, ஒரே தாளமாக, ஏறாமல் இறங்காமல். அமலியின் கத்தல் பாதியில் அறுந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஜெசிந்தாவின் தொண்டையிலிருந்து கையை எடுத்தாள்.

எடுத்து, வெள்ளைச் சேலைக்காரியின் தொண்டையில் வைத்தாள். மாதாவை ஒத்துக்கொள்ளாத தொண்டை. பொன் இல்லாத, சுருக்கம் விழுந்த, முன்பின் தெரியாத தொண்டை. அதில் அந்தச் சின்ன உள்ளங்கை எத்தனை நிம்மதியாக உட்கார்ந்தது, லாரியின் முகப்பில் உட்கார்ந்த மாதிரி, ஆறு வருஷம் இங்கே உட்கார்ந்த மாதிரி. சுரீரென்றது ஜெசிந்தாவுக்கு, யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி. அப்புறம் அந்தச் சுரீர் போய், உள்ளே ஒரு இடம் காலியாகி, லேசாக, காற்றோடினாற்போல. எந்தத் தொண்டையும் போதும் இதற்கு. தாயை அமுக்கியதும் இல்லை, மாதாவைச் சோதித்ததும் இல்லை, பாவம், எது அதிரும் என்று தேடியிருக்கிறது. பாவம். அந்தச் சொல் அவள் வாயிலேயே வந்துவிட்டது. அந்தப் பெண் பந்தில் உட்கார்ந்துகொண்டு பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை. அமலியின் இமை இறங்குகிறது, பாதிக்கும் கீழே, வெள்ளை மட்டும் தெரிகிறது, வாய் லேசாகத் திறக்கிறது. பழையகாயலுக்கு இன்னும் கால்மணி நேரம். அந்த அம்மாளின் மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காக, உண்மையாகத்தான் வழிகிறது, நடுவில் காஸ் சிலிண்டரை நினைக்கிறவள் முகம் அது இல்லை. இவளுக்குச் சத்தம் போனாலும் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கும். இவளால் முடியும். ஜெசிந்தா கையை நீட்டி, அந்த வெள்ளைச் சேலை முழங்கையை மெதுவாகத் தொட்டாள். இருபது நாளாகத் தொண்டைக்குள் கசப்பாகவே கிடந்த வார்த்தை, வெளியே வரும்போது கசக்கவில்லை.

“யக்கா” என்றாள், “கோவிச்சிக்கிடாதிய. மனசுக்குள்ள சொல்லுங்களேன்.”